சத்தம் வராத பெட்டி

டம்ளர் கையிலிருந்து நழுவியதை மாரிசெல்வி பார்த்தாள். சிமென்ட் தரையில் விளிம்பு பட்டு ஒருமுறை எகிறி, அரைவட்டமாக உருண்டு, மூலையில் துண்டு போர்த்தி வைத்திருந்த பெட்டியின் பக்கத்தில் போய் நின்றது. மிச்சமிருந்த காப்பி அதன் பின்னால் வால் மாதிரி நீண்டு கிடந்தது. எல்லாம் நடந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

தாமதமாக வருமோ என்பதுபோல அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஜன்னலில் ஒட்டியிருந்த வெள்ளித்தாளின் ஓரம் வழியாகக் காலை ஏழரை மணி வெயில் கத்தி மாதிரி உள்ளே வந்து விழுந்திருந்தது. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் கேட்டது. மாடிப்படியில் யாரோ துணியை உதறினார்கள். அதுவும் கேட்டது. அவள் குனிந்து டம்ளரை எடுத்தாள். கதவருகே வந்து, வேண்டுமென்றே கீழே போட்டாள்.

கணீரென்றது.

"இன்னாடி செல்வி, காலங்காத்தால பாத்திரத்த ஒடைக்கிற?" என்று கீழ் வீட்டிலிருந்து கலைமணியின் குரல் வந்தது. வீட்டுக்காரர் மகள். செல்வி வேலை செய்யும் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருந்தாள். அவளுக்கும் நைட் ஷிப்ட்தான்.

"கை நழுவிட்டு மணியக்கா."

நைட் முடித்து வந்த அலுப்பு, காது மந்தித்துவிட்டது என்று நினைக்க அவளால் முடியவில்லை. அவளுடைய வேலையே காதுதான். வல்லம் வடகாலில் இருந்த அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் கேபினட் செய்தார்கள். சத்தமே வெளியே வராத வகை. ஒவ்வொரு லாட்டிலும் பத்துப் பெட்டிகளைப் பிரித்தெடுத்து, நான்கு சுவரும் மேற்கூரையும் கறுப்பு ஃபோம் ஒட்டிய சைலன்ட் ரூம் என்ற அறைக்குள் வைத்து ஓடவிடுவார்கள். எத்தனை சத்தம் என்று மீட்டர் சொல்லும். என்ன சத்தம் என்று செல்வி சொல்வாள். ஃபேன் இறக்கை ஒயரில் உரசுகிறதா, ரப்பர் வளையம் போடாமல் திருகை முடுக்கிவிட்டார்களா, எல்லாம் அவள் காதுக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் பேனாவின் பொத்தானை ஒருமுறை அழுத்துவாள், காது விழித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. ரோட்டில் லாரி குறைவாக இருக்கும் ராத்திரியில்தான் அந்தச் சோதனை நடத்த முடியும் என்பதால் அவளுக்கு மாற்றமில்லாத நைட் ஷிப்ட். நான்கு வருஷமாக அவள் பகலில்தான் தூங்குகிறாள்.

அவள் புருஷன் அருள்பாண்டியும் அதே கம்பெனி. கேபினட்டின் பக்கத் தகடுகளில் அதிர்வை அடக்கும் தார் ஷீட்டும் அதன்மேல் ஃபோமும் ஒட்டும் லைனில் இருந்தான். கயத்தாறு பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேரும் கல்யாணம் முடிந்த பதினோராம் நாள் பஸ் ஏறி வந்தவர்கள். அவளுக்கு நைட் மாறாது என்று தெரிந்ததும் அவன் மத்தியான ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசுவார்கள். எட்டு மணிக்கு அவள் படுப்பாள். ஒரு மணிக்கு அவன் கிளம்பும்வரை அந்த ஒற்றை அறையில் அவன் சத்தமில்லாமல் இருப்பான். அப்படித்தான் அவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஒருவர் தூங்க, ஒருவர் சத்தமில்லாமல் இருக்க.

ஆன்லைனில் வீட்டுப் படம் வரையும் படிப்பு ஒன்று படிக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கம்ப்யூட்டர் வேண்டும். அதன் இரைச்சலில் அவள் தூக்கம் கலையக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, கீறல் விழுந்து ஒதுக்கிய கேபினட் ஒன்றைக் கம்பெனியில் அனுமதி கேட்டு வாங்கி வந்து, உள்ளே இருந்ததையெல்லாம் பிரித்து, இரண்டு மாதம் உட்கார்ந்து திரும்பக் கட்டினான். ஒற்றை ஃபோம் போதாது என்று இரட்டையாக ஒட்டினான். பக்கத் தகடுகளில், முன்கதவின் உட்புறத்தில், அடித்தட்டில், மேலே காற்றுத் துளைகளை மூடும் மூன்று மூடிகளில், கை நுழையாத இடுக்குகளில்கூட வெட்டி வெட்டி ஒட்டினான்.

முடித்த அன்று பக்கத் தகட்டைக் கழற்றிவைத்து, அவளை உட்காரவைத்துக் காட்டினான்.

"இங்க பாரு. இது முன்வாசல். காத்து நேரா உள்ள வராது, ஓரமா சுத்தித்தான் வரும். நேரா வந்தா சத்தமும் நேரா வெளிய போயிரும்லா. இது வலைக்கதவு, தூசிக்கு. இந்த ரெண்டு ஃபேனு ஹாலு. பெருசு, மெதுவாச் சுத்தும். கீழ இந்தத் தனிப் பெட்டி சமையக்கட்டு. சூடெல்லாம் அங்கனயே இருந்துக்கிடும். இந்தத் தகட்டுக்குப் பின்னால ஒரு சந்து இருக்கு பாத்தியா, ஒயரெல்லாம் அந்த வழியாப் போயிரும். வீட்டுக்கு வந்தவங்க கண்ணுல படாது."

"இந்தத் தட்டு ரெண்டும் எதுக்கு? சும்மா கெடக்கு."

"ஹார்ட் டிஸ்க் வைக்கது. ரப்பர் போட்டிருக்கு, அதிராது." கொஞ்சம் யோசித்து, "காலியாக் கெடக்கட்டும். பிள்ளைய வந்தா வேணும்லா" என்றான்.

அவள் சிரித்தாள். அவன் தட்டைத் தட்டிக்காட்டினான். சத்தம் வரவில்லை. எவ்வளவு பெருமை அவனுக்கு.

கம்பெனியில் காதுக்கு வைத்துக்கொள்ளக் கொடுக்கும் மஞ்சள் பஞ்சை அவள் வீட்டுக்கும் எடுத்து வருவாள். பகல் தூக்கத்துக்கு அது இல்லாமல் முடியாது. விரல்களால் உருட்டி ஒல்லியாக்கி உள்ளே வைத்தால் அது மெல்ல விரிந்து உலகத்தை அடைத்துவிடும். பெரும்பாலும் அவன்தான் உருட்டி வைப்பான். முதலில் வலது காது, அப்புறம் இடது. வைத்துவிட்டு விரிகிறவரை நுனிவிரலால் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் உதடு அசையும். "தூங்கு" என்று சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமையும் அப்படித்தான் வைத்தான். மூன்று மணிக்கு அவள் விழித்தபோது அவன் வேலைக்குப் போயிருக்கவில்லை. பக்கத் தகடு கழற்றிய பெட்டிக்கு முன்னால், உள்ளே எதையோ எட்டிப் பார்ப்பவன் மாதிரி, தலையை அதன் விளிம்பில் சாய்த்து உட்கார்ந்திருந்தான். கை அவள் கட்டிலின் பக்கமாக நீண்டிருந்தது. கட்டிலுக்கும் அந்தக் கைக்கும் இரண்டு சாண் இருக்கும்.

நெஞ்சுவலி வந்ததுமே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவனுக்கு வயது இருபத்தொன்பது.

ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பொசுக்கென்று போயிருப்பான், அவனுக்கே தெரிந்திருக்காது, கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது. முப்பதாம் நாள் காரியம் முடியும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். ஒரு ரப்பர் வளையம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற காது, இரண்டு சாண் தூரத்தில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவர் கூப்பிட்டாரா?

அந்தக் கேள்விக்காகவே அவள் பென்னலூரில் இருந்த அந்த ஒற்றை அறைக்குத் திரும்பி வந்தாள். பெட்டியைத் துண்டால் மூடினாள். ப்ளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டாள். வேலைக்குப் போனாள்.

இப்போது டம்ளர்.

மறுநாள் காலை வேலை முடிந்து வந்ததும் அவள் பேனாவை எடுத்தாள். கதவிலிருந்து மூலையை நோக்கி ஒவ்வோர் அடியாக வைத்து, ஒவ்வோர் அடிக்கும் பொத்தானை அழுத்தினாள். டிக். டிக். டிக். பெட்டிக்கு இரண்டடி தள்ளி டிக் கேட்டது. இன்னும் ஒரு சாண் குனிந்தாள். விரல் அழுத்தியது, பொத்தான் உள்ளே போய் வந்தது, அவ்வளவுதான். கம்பெனித் தரையில் கோடு போட ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு அவளிடம் இருந்தது. சத்தம் நின்ற இடத்தில் ஒட்டினாள்.

அடுத்த நாள் டேப்புக்கு இந்தப் பக்கமும் சத்தம் இல்லை. இன்னொரு துண்டு ஒட்டினாள். அதற்கும் அடுத்த நாள், மின்விசிறியின் கிறீச் நின்றுபோயிருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தரையில் மஞ்சள் கோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, கிணற்றில் கல் போட்ட மாதிரி பெட்டியைச் சுற்றி விரிந்தன. அவள் கத்திக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சத்தமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் போகிறதென்றால், உள்ளே போனது உள்ளேதானே இருக்கும் என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முதல்முறையாகப் பசித்தது.

நான்காம் நாள் காலை துண்டை எடுத்தாள். பக்கத் தகட்டின் பின்னால் இருந்த இரண்டு திருகையும் கையாலேயே திருப்பினாள். திருகு கீழே விழக்கூடாதென்று, கழற்றிய பின்னும் தகட்டோடு தங்குகிற மாதிரி செய்திருந்தான். தகடு வழுக்கிக்கொண்டு வந்தது. கனமாக இருந்தது. தார் வாசனையும் புது ரப்பர் வாசனையும் வந்தன. அவற்றுக்கு அடியில் மெலிதாகத் தேங்காயெண்ணெய்.

உள்ளே எல்லாம் அவன் வைத்த மாதிரியே இருந்தது. முன்வாசல், வலைக்கதவு, ஹால், சந்து, காலித் தட்டுகள் இரண்டு. கறுப்பு ஃபோம் எல்லாப் பக்கமும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தது. விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் அமுங்கியிருந்தது. ஒரு கன்னத்தின் அளவு.

அதை அவள் தொடவில்லை. மேல்மூடியின் ஃபோமில், எட்டிய இடத்தில், காதை வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. சைலன்ட் ரூமில் கேட்கிற மாதிரி, காதுக்குள் சொந்த ரத்தம் ஓடும் இரைச்சல். பிறகு, மூச்சைவிடக் குறைவான ஒரு குரல்.

"ஏளா. தூங்குதியா?"

செல்வி காதை இன்னும் அழுத்தினாள்.

"தூங்கு, தூங்கு. ஒண்ணுமில்ல. வாயப் பொளந்துகிட்டு தூங்குதா பாரு." சிரிப்பு. அவன் சிரிக்கும்போது மூக்கால் விடுகிற காற்று.

அவளை எழுப்பிவிடக் கூடாதென்று, சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் பெட்டிக்குள் தலையை விட்டுச் சொல்லிவைத்திருக்கிறான். நான்கு வருஷக் காலைகள். அவள் ஃபோமில் வாயை வைத்து, "தூங்கல. கேக்கேன். சொல்லுங்க" என்றாள். அழுகையில் வார்த்தை சரியாக வரவில்லை. மறுபடி காதை வைத்தபோது அந்த இடம் ஊமையாகிவிட்டிருந்தது. ஓர் இடம் ஒருமுறைதான் பேசியது.

அதற்குப் பிறகு எட்டு மணி எப்போது வரும் என்று அவள் ராத்திரி முழுக்கக் காத்திருந்தாள். ஒவ்வொரு காலையும் ஓர் இடம், சில நாள் இரண்டு. தீர்ந்துவிடும் என்று பயந்து சிக்கனமாகக் கேட்டாள். "மழ வருது. துணிய எடுத்துட்டேன்." "கேண்டீன்ல முட்ட போட்டாவ. உனக்குன்னு எடுத்து வச்சேன், பஸ்ஸுல நசுங்கிட்டு." "படத்துல ஜன்னல் ஒண்ணு கூட்டியிருக்கேன். உன் தலமாட்டுல இல்ல, வெளிச்சம் அடிக்கும்லா." ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள். மனைவி சொல்லும் பதில்கள்தான். சரி. ஆங். நீங்க சாப்பிட்டீங்களா. பரவால்ல, நசுங்குனா என்ன.

பதில் சொன்ன இடமும் ஊமையானது.

"இன்னாடி குரலு இப்டிப் போச்சு?" என்றாள் கலைமணி, பஸ்ஸில். "தொண்ட கட்டிக்கீதா? பேசுறது காத்தாட்டம் வருது."

"சளிக்கா."

"இன்னா?"

"சளி."

"சோறு துன்றியா இல்லியா நீ? மூஞ்சிய பாரு, ஒட்டிப்போய் கீது. ராவெல்லாம் பெட்டி, பகல்லயும் பெட்டி. அருளு இருந்தப்ப நான் சொல்லிக்கினே இருப்பேன், பொட்டிக்கும் சேத்து தாலி கட்டினியாப்பான்னு..." அவள் பாதியில் நிறுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு செல்வியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் சுங்குவார்சத்திரம் திருப்பத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டது.

அந்த வாரம் சூப்பர்வைசர் சங்கரநாராயணன் மூன்று பெட்டிகளை அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "மாரிசெல்வி, இன்னாம்மா இது? மூணும் கரகரன்னு அடிக்குது. எனக்கே கேக்குதே. நீ பாஸ் போட்டிருக்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கம்பெனி டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, காதில் ஒன்றுமில்லை, மனசுதான் என்றார். அன்று இரவு சைலன்ட் ரூமின் கனமான கதவைச் சாத்திவிட்டு அவள் தனியாக உட்கார்ந்தாள். அந்த அறைக்குள் யாருக்கும் தன் இதயம் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் பயந்து வெளியே ஓடிவிடுவார்கள். செல்வி நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். அடித்துக்கொண்டிருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் அடித்தட்டு ஃபோமில், சமையக்கட்டு என்று காட்டிய பவர் சப்ளை நிற்கும் ரப்பர் கால்களுக்கு நடுவில், அவன் சொன்னான்: "மூணு நாளா நெஞ்சுல எரிச்சலு. ஊறுகாயத் தின்னது. உங்கிட்டச் சொன்னா அழுவ."

அவள் தகட்டைத் திரும்ப மாட்டினாள்.

மிச்சம் ஓர் இடம்தான் இருந்தது. விளிம்பில், கன்னத்தின் அளவுக்கு அமுங்கிய இடம்.

இரண்டு நாள் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. பொசுக்கென்று போயிருப்பார், கூப்பிட நேரம் இருந்திருக்காது. ஊர் சொன்னதையே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். மஞ்சள் கோடுகள் கட்டில்கால்வரை வந்துவிட்டிருந்தன. கடைசியாக ஒட்டியபோது டேப்பைக் கிழிக்கும் சத்தம் பாதியில் அறுந்தது.

சனிக்கிழமை காலை கலைமணி தலையணையோடு மாடிக்கு வந்துவிட்டாள். "எதிர்வூட்டுல டைல்ஸ் அறுக்கிறானுங்கடி, மண்டைய பொளக்குது. உன் ரூம்ல நான் படுத்துக்கிறேன்." உள்ளே வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அட, இங்க சத்தமே இல்ல? சொர்க்கமா கீது. இத்த வுட்டுட்டு இத்தினி நாளு கீழ கெடந்தேன் பாரு." தரையைப் பார்த்தாள். "இன்னாடி இது, வூட்டுக்குள்ள ரோடு போட்டுக்கீற?"

"சும்மாக்கா." உதடு அசைந்ததைத்தான் கலைமணி பார்த்திருக்க வேண்டும்.

"சரி சரி, தொண்டய கெடுத்துக்காத. படு."

கட்டிலைக் கலைமணிக்குக் கொடுத்துவிட்டுச் செல்வி தரையில் பாய் விரித்தாள். இவ்வளவு அமைதியிலும் பழக்கம் விடவில்லை. கலைமணி பையிலிருந்து மஞ்சள் பஞ்சு இரண்டை எடுத்து உருட்டினாள். செருகிக்கொண்டாள். செல்வியைப் பார்த்துச் சிரித்தாள். ஒருக்களித்துப் படுத்தாள். ஐந்து நிமிடத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டது.

மணி பதினொன்றைத் தாண்டியது. வெயில் வெள்ளித்தாளின் ஓரத்தில் வெளுத்துப்போய் நின்றது. கட்டிலில் ஒருத்தி பஞ்சை வைத்துக்கொண்டு தூங்குகிறாள். தரையில் ஒருத்தி விழித்திருக்கிறாள். அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று செல்வி பார்த்தாள். இந்த வெளிச்சம்தான். இந்தத் தூரம்தான். அவனுடைய இடத்திலிருந்து இந்த அறை எப்படி இருந்தது என்று அதுவரை அவள் பார்த்ததே இல்லை.

எழுந்தாள். தகட்டைக் கழற்றினாள். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அமுங்கிய இடத்தில் தன் கன்னத்தை வைத்தாள். காது ஃபோமில் புதைந்தது. தேங்காயெண்ணெய் வாசனை.

மூச்சு. வேகமாக. பிறகு,

"செல்வி."

மெதுவாக. அவ்வளவு மெதுவாக. நான்கு வருஷம் அவளை எழுப்பாமல் பேசிப் பழகிய அதே குரலில்.

"செல்வி. ஏளா."

சத்தமாக. கூப்பிடத்தானே வேண்டும், சத்தமாகக் கூப்பிடுங்களேன்.

"ஏளா, கொஞ்சம் எந்திரியேன்." மூச்சு. "செல்வி."

கடவுளே.

"செல்வி!" இப்போது கத்தல். கத்தல் ஃபோமுக்குள் போய், ஃபோமுக்கு அடியில் இருந்த ஃபோமுக்குள் போய், அவன் வெட்டி வெட்டி ஒட்டிய ஒவ்வோர் இடுக்குக்குள்ளும் போய் அமுங்கியது. "செல்வி! பஞ்ச எடு! பஞ்ச..."

அவள் எண்ணினாள். தன்னையறியாமல். பதினான்கு தடவை.

பிறகு நீளமாக ஒன்றுமில்லை. உலோகத்தில் நகம் கீறும் ஓசை. கட்டிலின் பக்கமாக ஒரு கை நீள்கிற ஓசை. அதன் பிறகு மறுபடி அந்த மெதுவான குரல், அவளிடம் அல்ல, யாரிடமோ.

"சரி. தூங்கட்டும்."

"கேட்டுட்டேன்!" என்று செல்வி கத்தினாள். "நான் எந்திரிச்சிட்டேன், இங்கனதான் இருக்கேன், என்னங்க!"

வாய் திறந்தது. தொண்டை வலித்தது. குரல் இல்லை.

மறுபடி கத்தினாள். ஃபோம் அவள் வாய்க்கு எதிரே ஒரு மூச்சு அளவு அசைந்து, நின்றது.

தலையை எடுக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாரும் பிடிக்கவில்லை. அமுங்கிய இடம் அவள் கன்னத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம். ப்ளக் சுவரோரம் கிடந்தது. உள்ளே பெரிய ஃபேன் இரண்டும் சுற்றத் தொடங்கின. மெதுவாக. அவற்றின் காற்று முகத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சு விடுகிற மாதிரி, வந்து, நின்று, வந்தது.

மணியக்கா.

அவள் கை நீண்டது. விரல்நுனிக்கும் கட்டிலுக்கும் இரண்டு சாண். கலைமணி ஒருக்களித்துக் கிடந்தாள். காதில் மஞ்சள். வாய் லேசாகத் திறந்து.

மணியக்கா. மணியக்கா, எந்திரியேன். மணியக்கா!

தரையை உதைத்தாள். பாயருகே இருந்த டம்ளரைத் தட்டிவிட்டாள். அது எகிறியது, உருண்டது, கடைசி மஞ்சள் கோட்டைத் தாண்டி, கட்டிலுக்கு அடியில் போய் நின்றது. தூங்குகிறவளின் இமைகூட அசையவில்லை.

பெட்டிக்குள், காலித் தட்டுகளுக்குப் பின்னால், ஒயர் போகும் சந்தில் யாரோ சாய்ந்து இடம் விட்டார்கள்.

"சத்தம் போடாதளா" என்றது குரல், அவள் காதுக்கு வெகு அருகில். அத்தனை அன்போடு. "அந்தப் புள்ள தூங்குது பாரு."

இரண்டு விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. ஒல்லியாக, இன்னும் ஒல்லியாக. அவளுக்குத் தெரிந்த விரல்கள்.

முதலில் வலது காது.

வைத்துவிட்டு, அது விரிகிறவரை, நுனிவிரல் எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது.